கிட்டார் கசந்துவிட்டதா? அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

என் கிட்டாருக்கு 14 வயது. நடுவில் ஏறத்தாழ ஒரு வருடம் அதை நான் தொடவே இல்லை. கிட்டாரையே மறந்துவிட்டேனா என்றால் அதுவும் இல்லை. தினமும் ராத்திரி போனில் வேறு கிட்டார்களின் படங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொந்தக் கிட்டார் இரண்டடி தள்ளிப் பெட்டிக்குள் கிடந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழி நம் மண்டையில் ஆழமாக ஏறியிருக்கிறது. அதனால் கை வலித்தாலும் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) கரகரத்தாலும் குற்றம் நம்முடையது என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நான் பார்த்தவரை பல சமயம் கூடம் நிஜமாகவே கோணல்தான். அரை மில்லிமீட்டர் கோணல். அது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். விரலோ வாய் திறந்து சொல்லாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டார் பக்கம் போவதை நிறுத்திக்கொள்ளும். அதற்கு நாம் வைக்கும் பெயர்தான் "ஆசை போய்விட்டது."

கீழே உள்ளவற்றில் உங்கள் புகார் எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் கம்பி பற்றிய பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம். கையில் ஒரு ட்யூனர் (போனில் இருக்கும் செயலி போதும்), மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல், கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கவ்வி), டார்ச், பென்சில், ஒரு செட் புதுக் கம்பி இருந்தால் சரி.

## எல்லோருக்கும் பொது: கம்பி

கடைசியாகக் கம்பி எப்போது மாற்றினீர்கள்? உடனே பதில் வரவில்லை என்றால் அதுதான் பதில்.

ஆறாவது கம்பிக்கு (இருப்பதிலேயே தடித்தது) அடியில் விரல் நகத்தை வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஃப்ரெட் (நெக் என்ற கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வரும் இடங்களில் சின்னச் சின்னப் பள்ளம் தட்டும். உலோகத்தை உலோகத்தின் மேல் அழுத்தி அழுத்தி விழுந்த தழும்பு அது. சுற்றுக் கம்பிகளின் இடுக்கில் வியர்வையும் தோலும் அடைந்து, கம்பியின் கனம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லாமல் போயிருக்கும். கனம் சீராக இல்லாத கம்பி சுருதியிலும் சீராக நிற்காது. வாசித்த பின் விரல் நுனி கறுத்தால், கம்பி செத்து நாளாகிவிட்டது. பழைய கம்பியில்தான் இதமான நாதம் வருகிறது என்று சொல்பவர்கள் உண்டு. சிலர் நிஜமாகவே அப்படி விரும்புகிறார்கள். பலர் மாற்றச் சோம்பல்பட்டுச் சொல்கிறார்கள். நான் இரண்டாவது கட்சியில் இருந்தவன்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். உறையில் 12 என்றால் முதல் கம்பியின் தடிமன் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு. அக்கூஸ்டிக்கில் 12–53 வழக்கமான லைட் செட். 11–52, 10–47 அதைவிட மெலிசு. எலக்ட்ரிக்கில் 9–42, 10–46. கம்பி மெலிந்தால் இழுவிசை குறையும், விரலுக்குச் சுகம். சத்தத்தின் கனமும் கொஞ்சம் குறையும். நைலான் கம்பி போடும் கிளாசிக்கல் கிட்டாருக்கு ஸ்டீல் கம்பி போடவே கூடாது. 12–53 ஸ்டீல் செட் கிட்டத்தட்ட 70 கிலோ விசையில் இழுக்கிறது. நைலான் அதில் பாதி அளவுதான். அந்த மெல்லிய முகப்புப் பலகை இதைத் தாங்காது, கம்பிகளைக் கீழே பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வரும்.

கம்பிகளைக் கழற்றியதும் உடனே புதுசை மாட்டாதீர்கள். ஈரம் பிழிந்த துணியால் ஃப்ரெட்போர்டைத் துடையுங்கள். ரோஸ்வுட், எபனி போன்ற பூச்சு இல்லாத மரம் என்றால் ஃப்ரெட்போர்டுக்கான எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து, மிச்சத்தை ஒற்றி எடுத்துவிடலாம். வார்னிஷ் பூசிய மேப்பிளுக்கு எண்ணெய் வேண்டாம். அப்புறம் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து ஃப்ரெட்டுகளைப் பாருங்கள். என்னுடையதில் முதல் மூன்று ஃப்ரெட்டில் கம்பி பதிந்த தடம் பளபளவென்று குழிந்திருந்தது. ஏழுக்கு மேல் ஒரு கீறல்கூட இல்லை. 14 வருடம் நான் எங்கே குடியிருந்தேன் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் ஓர் அறிகுறியில் தேவைப்படும்.

அக்கூஸ்டிக்கில் கம்பியைப் பிரிட்ஜில் பிடித்து நிறுத்தும் முளையை (பின்) செருகும்போது, கம்பி நுனியில் இருக்கும் குண்டு பின்னின் நுனியில் மாட்டி நிற்காமல் உள்ளே பலகையில் போய் உட்கார வேண்டும். பின்னை விரலால் அமுக்கிக்கொண்டு கம்பியை மேலே சுண்டி இழுத்தால் உட்கார்ந்துவிடும். ட்யூன் செய்ததும் ஒவ்வொரு கம்பியையும் நடுவில் பிடித்து மெல்ல இழுத்துவிட்டு மறுபடி ட்யூன் செய்யுங்கள். மூன்று நான்கு தடவைக்குப் பிறகு இறங்குவது நிற்கும்.

இத்தோடு பிரச்சினை தீர்ந்துபோகிறவர்கள் கணிசம். தீராதவர்கள் தொடர்ந்து வாருங்கள்.

## "பத்து நிமிஷத்தில் விரல் நோகிறது, எஃப் கார்ட் இன்னும் கைக்கு வரவில்லை"

நிறைய பேர் கிட்டாரைக் கைவிடுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கம்பி ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்பதை ஆக்‌ஷன் என்பார்கள். அந்த உயரம் மூன்று இடங்களில் முடிவாகிறது: தலைப்பக்கம் கம்பிகள் பள்ளத்தில் பதிந்து செல்லும் சின்னத் துண்டான நட், நடுவில் நெக்கின் வளைவு, கீழே பிரிட்ஜில் உட்கார்ந்திருக்கும் சேடில். வலி ஒன்றுதான். காரணம் இந்த மூன்றில் எது என்று தெரியாமல் ஒன்றைத் திருகினால் மற்ற இரண்டும் கெடும்.

முதலில் கேப்போ சோதனை. முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, எஃப் பிடியை ஒரு ஃப்ரெட் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். திடீரென்று வேறு கிட்டார் மாதிரி இருக்கிறதா? அப்படியானால் நட் உயரம்தான் திருடன். கேப்போ போட்டதும் நட்டுக்கு வேலை இல்லாமல் போகிறது, அதனால்தான் சுகம். நட்டுக்குப் பக்கத்தில் கம்பியை அழுத்துவதுதான் கடினம், எஃப் கார்டோ நட்டை ஒட்டியே இருக்கிறது. இன்னொரு முறையில் இதை உறுதி செய்யலாம். கேப்போவை எடுத்துவிட்டு இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் கம்பியை அழுத்துங்கள். முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு தாள் நுழையும் சந்துதான் தெரிய வேண்டும். பென்சில் கோடு அளவுக்கு வெளிச்சம் தெரிந்தால் நட் அதிகம்.

என் கிட்டாருக்கு இதுதான் நோய். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளிலிருந்தே நட் பள்ளங்கள் ஆழம் போதாமல் இருந்தன. நட்டை ஆழமாக வெட்டிவிட்டால் கம்பி கரகரக்கும், வாங்கியவர் திருப்பிக்கொண்டு வருவார். உயரமாக விட்டால் கை வலிக்கும், வாங்கியவர் தன்னைத்தான் நொந்துகொள்வார். அதனால் கொஞ்சம் உயரமாகவே விட்டு அனுப்பப்படும் கிட்டார்கள் நிறைய. பழுது பார்ப்பவர் ஊசி போன்ற அரத்தை வைத்து ஆறு பள்ளத்தையும் இழைக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. 14 வருடம் என் ஆள்காட்டி விரலுக்குப் பலம் போதாது என்று நம்பியிருந்தேன்.

நட்டை நீங்களே இழைக்க வேண்டாம். சேடிலில் தப்பு செய்தால் வேறு சேடில் போட்டுவிடலாம்; நட்டில் ஒரு பள்ளம் ஆழமாகிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்தது நெக். ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடலோடு சேரும் ஃப்ரெட்டிலும் (அக்கூஸ்டிக்கில் பெரும்பாலும் 14) ஒரே சமயத்தில் அழுத்துங்கள். இழுத்துப் பிடித்த கம்பியே இப்போது ஓர் அளவுகோல். ஏழாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கு அடியில் 0.2 மி.மீ. போல ஒரு சின்னச் சந்து இருக்கலாம், இரண்டு தாளின் கனம். சந்தே இல்லை என்றால் நெக் பின்னால் வளைந்திருக்கிறது. அரை மில்லிமீட்டர் தெரிந்தால் முன்னால் வளைந்திருக்கிறது.

இதைச் சரிசெய்வது நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி. வலப்பக்கம் திருகினால் இறுகி நெக் நிமிரும், இடப்பக்கம் திருகினால் தளர்ந்து முன்னால் வளையும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருகி, ட்யூன் செய்து, ஒரு ராத்திரி விட்டுவிட்டு மறுநாள் அளந்து பாருங்கள். மரம் நிதானமாகத்தான் கேட்கும். சாவி முரண்டு பிடித்தால் நிறுத்திவிடுங்கள், பலம் காட்டுகிற இடம் இது இல்லை. கிளாசிக்கல் கிட்டார் பலவற்றில் ட்ரஸ் ராடே கிடையாது, தேடிக் களைக்க வேண்டாம்.

கடைசியாக சேடில். 12ஆவது ஃப்ரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடிப்பாகம் வரை அளக்க வேண்டும். அக்கூஸ்டிக்கில் ஆறாவது கம்பிக்கு 2.5, முதல் கம்பிக்கு 2 மி.மீ. பக்கம் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சௌகரியம். எலக்ட்ரிக்கில் 2, 1.5. கிளாசிக்கலில் 4, 3. இந்த எண்கள் சட்டம் இல்லை. பலமாக ஸ்ட்ரம் செய்பவருக்குக் கொஞ்சம் உயரம் வேண்டும்.

கணக்கு எளிது. 12ஆவது ஃப்ரெட் கம்பியின் நட்ட நடு. அதனால் அங்கே அரை மில்லிமீட்டர் இறங்க வேண்டும் என்றால் சேடிலில் ஒரு மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். எலக்ட்ரிக்கில் ஸ்க்ரூ இருக்கிறது, திருகினால் முடிந்தது. அக்கூஸ்டிக்கில் சேடிலை வெளியே எடுத்து, அடிப்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, சமமான கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து நேராகத் தேய்க்க வேண்டும். கோடு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி மாட்டிப் பாருங்கள். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. சேடிலுக்கு அடியில் பிக்கப் (கம்பியின் அதிர்வை ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) இருந்தால் அடிப்பாகம் துல்லியமாகச் சமமாக இருக்க வேண்டும். சாய்ந்தால் ஒரு கம்பி மட்டும் ஸ்பீக்கரில் காணாமல் போகும்.

என்னுடையதில் ஆறாவது கம்பி 3.2 இருந்தது. ட்ரஸ் ராட் கால் சுற்றில் 2.9 ஆனது, சேடிலில் ஒரு மில்லிமீட்டர் தேய்த்ததும் 2.4. எல்லாம் சேர்த்து 0.8 மி.மீ.தான்.

இதில் எதையும் செய்ய மனம் துணியவில்லை என்றால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஆறு கம்பியையும் அரை ஸ்வரம் இறக்குங்கள். இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். கூடப் பாட வேண்டுமென்றால் முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டுக்கொண்டால் பழைய சுருதி வந்துவிடும். கை தளர்வதை அன்றே உணரலாம்.

## "ட்யூனர் பச்சை காட்டுகிறது, ஆனால் கார்ட் கசக்கிறது"

காது நல்ல காதாக இருப்பவர்களுக்கு வரும் நோய் இது. மூன்று காரணம்.

ஒன்று, அழுத்தம். ஃப்ரெட் உயரமாக இருந்து, கையும் பயத்தில் இறுகினால் கம்பி கீழே வளைந்து சுருதி ஏறிவிடும். கம்பி ஒழுங்காக ஒலிக்கத் தேவையான குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று ஒருநாள் சோதித்துப் பாருங்கள், வெட்கமாக இருக்கும்.

இரண்டு, சேடிலின் இடம். 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் சும்மா தொட்டு மீட்டி, ஹார்மோனிக் என்ற மணி போன்ற ஒலியை எடுங்கள். பிறகு அதே ஃப்ரெட்டில் அழுத்தி வாசியுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறியிருந்தால் சேடிலை நட்டிலிருந்து விலகும் பக்கம் நகர்த்த வேண்டும், இறங்கியிருந்தால் நட்டை நோக்கி. எலக்ட்ரிக்கில் இதற்கும் ஸ்க்ரூ உண்டு. அக்கூஸ்டிக்கில் சேடிலின் மேல் விளிம்பைச் செதுக்குவார்கள், அது கைதேர்ந்தவர் வேலை.

மூன்றாவது காரணத்துக்கு மருந்து கிடையாது. கிட்டாரின் ஃப்ரெட்டுகள் ஓர் ஆக்டேவைப் 12 சம பங்காக வெட்டுகின்றன. அந்தப் பங்கீட்டில் பஞ்சமம் சுத்தமான இடத்திலிருந்து 2 சென்ட்தான் விலகுகிறது (ஓர் அரை ஸ்வரத்தில் 100 சென்ட்), யாருக்கும் உறைக்காது. அந்தர காந்தாரம் 14 சென்ட் ஏறி நிற்கிறது. அது உறைக்கும். சுத்த சுருதி கேட்டு வளர்ந்த காதுக்கு ஈ (E) கார்டில் மூன்றாவது கம்பி குத்தும். உடனே அந்தக் கம்பியை லேசாக இறக்குவோம், ஈ இனிக்கும். அடுத்து சி கார்ட் பிடித்தால் அதே கம்பி இப்போது இறங்கிக் கிடக்கும். மறுபடி ஏற்றுவோம். இந்தச் சடுகுடுவில் நான் பல சாயங்காலங்களைத் தொலைத்திருக்கிறேன். இது உங்கள் கிட்டாரின் குறை இல்லை, எவ்வளவு உயர்ந்த கிட்டார் வாங்கினாலும் கூடவே வரும். ட்யூனர் சொல்கிறபடி வைத்துவிட்டு வாசிக்கத் தொடங்குங்கள்.

## "ட்யூன் ஒரு பாட்டுக்கு மேல் நிற்பதில்லை"

உடனே ட்யூனிங் கீயைச் சந்தேகப்பட வேண்டாம், அது அபூர்வம். கீயைத் திருகும்போது சுருதி ஏறாமல் நின்று, பிறகு "டிங்" என்று சத்தம் போட்டுத் தாவுகிறதா? கம்பி நட் பள்ளத்தில் சிக்கி விடுபடும் சத்தம் அது. கம்பியைத் தளர்த்தி, கூரான பென்சிலால் பள்ளத்துக்குள் நாலு தடவை தேயுங்கள். பென்சில் கரி நல்ல மசகு.

எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி ட்யூன் செய்யுங்கள். ஏறிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். இல்லாவிட்டால் பல்சக்கரத்தில் மிஞ்சும் தளர்வு நடுப்பாட்டில் இறங்கும்.

## "எங்கேயோ கரகரக்கிறது"

கரகரப்பு எங்கே வருகிறது என்பதே பாதி விடை. அழுத்தாத கம்பியில் மட்டும் வந்தால் நட் பள்ளம் ஆழமாகிவிட்டது. முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் என்றால் நெக் தேவைக்கு மேல் நிமிர்ந்திருக்கிறது, ட்ரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். 12க்கு மேல் என்றால் சேடில் தாழ்ந்திருக்கலாம். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கும். ஒரு பிளாஸ்டிக் அட்டையின் நேர் விளிம்பை மூன்று ஃப்ரெட் மேல் வைத்துப் பாருங்கள். ஊஞ்சல் மாதிரி ஆடினால் நடுவில் இருப்பவர்தான் ஆசாமி.

எந்த ஃப்ரெட்டில் வாசித்தாலும், ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் வரும்போதெல்லாம் கரகரத்தால், ஏதோ ஒன்று தளர்ந்து கூடவே அதிர்கிறது. ட்யூனிங் கீயின் வளையம், பட்டை மாட்டும் குமிழ், வயர் செருகும் ஜாக்கின் மரை, உள்ளே தொங்கும் பேட்டரி வயர், வெட்டாமல் விட்ட கம்பி வால் என்று ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிக்கொண்டு வாசித்துப் பாருங்கள்.

நான் இரண்டு வாரம் இப்படி அமுக்கினேன். ஏ கம்பியை அழுத்தாமல் மீட்டினால், அதாவது 110 ஹெர்ட்ஸ் வந்தால் மட்டும், வண்டு பறப்பது போல ஒரு ரீங்காரம். உள்ளே ஏதோ கட்டை ஒட்டு விட்டுவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனால் சத்தமே வரவில்லை. வீட்டுக்கு வந்தால் வருகிறது. கடைசியில் பார்த்தால் மேசை மேல் மடித்து வைத்திருந்த என் மூக்குக்கண்ணாடி. வாசிக்கும்போது கழற்றி அங்கேதான் வைப்பேன்.

ஆகவே அறை மாற்றி வாசித்துப் பாருங்கள். சட்டைப் பொத்தானையும் ஒரு கண் பாருங்கள்.

## "சத்தம் செத்துக் கிடக்கிறது"

கம்பி மாற்றியும் இப்படி என்றால், முதலில் ஒரு நியாயம் பேச வேண்டும். உங்கள் கிட்டாரின் நிஜக் குரலை நீங்கள் கேட்டதே இல்லை. அது முன்னால் பாடுகிறது, நீங்கள் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு சுவருக்கோ மூடிய கதவுக்கோ எதிரே இரண்டடி தள்ளி உட்கார்ந்து வாசியுங்கள். திரும்பி வரும் சத்தத்தைக் கேட்டு ஒரு நிமிஷம் கை நின்றுவிடும். இன்னும் நல்லது, வேறு யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு எதிரே உட்காருவது. என் கிட்டாரை என் தங்கை பையன் தப்புத் தப்பாக மீட்டிக்கொண்டிருந்தபோதுதான் அதன் அடிக்குரல் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

அப்புறம் வலது கை. பிரிட்ஜை ஒட்டி மீட்டினால் கூர்மை, துளைக்கு மேல் மீட்டினால் உருண்டை, நெக் பக்கம் போனால் பஞ்சு. நாம் எல்லோரும் ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி மீட்டுகிறோம். நாலு அங்குலம் நகர்ந்தால் இன்னொரு வாத்தியம். மீட்டும் வில்லையான பிக்கின் தடிமனை மாற்றினாலும் அப்படித்தான். அரை மில்லிமீட்டர் பிக்கிலிருந்து ஒன்றரைக்கு மாறிப் பாருங்கள்.

எலக்ட்ரிக் வைத்திருப்பவர்கள் பிக்கப் உயரத்தைப் பார்க்கவும். கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்தினால் பிக்கப்புக்கும் கம்பிக்கும் நடுவே 2 முதல் 3 மி.மீ. இருக்கலாம். தூரமானால் சத்தம் மெலியும். ரொம்பப் பக்கத்தில் வந்தால் காந்தம் கம்பியையே இழுத்து, ஸ்வரம் தண்ணீருக்குள் இருந்து வருவது போல நெளியும். வால்யூம் குமிழ் திருகும்போது கரகரத்தால் எலக்ட்ரானிக் காண்டாக்ட் க்ளீனர் ஒரு பீச்சு பீச்சிவிட்டு, குமிழை இருபது தடவை முழுசாக அங்குமிங்கும் திருகுங்கள். ப்ரீஆம்ப் (உள்ளே இருக்கும் சின்ன ஒலிபெருக்கிச் சுற்று) உள்ள அக்கூஸ்டிக்கில் சத்தம் உடைந்தோ மங்கியோ வந்தால், வேறு எதையும் கழற்றுவதற்கு முன் 9 வோல்ட் பேட்டரியை மாற்றுங்கள். ஜாக்கில் வயரைச் செருகி வைத்தாலே பேட்டரி தீரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

## "ஃப்ரெட் நுனி கையைக் கீறுகிறது"

மரம் காய்ந்து சுருங்கிவிட்டது, உலோகம் சுருங்கவில்லை, அவ்வளவுதான். கிட்டார் இருக்கும் இடத்தில் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருப்பது நல்லது. பெட்டிக்குள் வைக்கும் சின்ன ஈரப்பஞ்சு உதவும். ஈரம் கூடினால் முகப்புப் பலகை உப்பி ஆக்‌ஷன் ஏறும், சத்தமும் மந்தமாகும். அதற்கு ஈரம் உறிஞ்சும் பாக்கெட். ஜன்னல் வெயிலும் ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் ஆகாது.

## "பழுது ஒன்றும் இல்லை, ஆனாலும் எடுக்கவே தோன்றவில்லை"

கிட்டார் எங்கே இருக்கிறது? பெட்டிக்குள், பெட்டி அலமாரிக்கு மேல், அதற்கு மேல் இன்னொரு பெட்டி என்றால், வாசிக்க வேண்டும் என்று தோன்றுவதற்கும் கம்பியைத் தொடுவதற்கும் நடுவில் ஐந்து நிமிஷம். ஆசை அவ்வளவு நேரம் தாங்காது. ஸ்டாண்டில் வையுங்கள், உட்காரும் இடத்திலிருந்து எழுந்திருக்காமல் எட்டும்படி. தூசு படியும், படியட்டும்.

## "எடுத்தாலும் அதே நாலு பாட்டு"

ஃப்ரெட்டில் தடம் பார்க்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். விரல்கள் பழகிய தெருவிலேயே திரும்பத் திரும்ப நடக்கின்றன. புதுப் பாட்டு கற்றாலும் அதே தெருவில்தான் போய் நிற்கும். அதனால் தெருவையே மாற்றிவிடுவதுதான் எனக்குத் தெரிந்த வழி: ட்யூனிங்கை மாற்றுங்கள்.

எளிதானது ட்ராப் டி. ஆறாவது கம்பியை மட்டும் ஈயிலிருந்து டிக்கு இறக்கினால் போதும். டி கார்டை ஆறு கம்பியும் சேர்த்து மீட்டும்போது நெஞ்சில் வந்து இடிக்கும்.

எனக்குக் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தது டி-ஏ-டி-ஜி-ஏ-டி. வழக்கமான ட்யூனிங்கிலிருந்து ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பிகளை மட்டும் ஒரு முழு ஸ்வரம் இறக்க வேண்டும். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தைச் சேர்ந்த டேவி கிரகாம் இதைப் பிரபலமாக்கினார். டியை ஷட்ஜமாக வைத்துக்கொண்டு கம்பிகளின் பெயரைச் சொல்லிப் பாருங்கள்: ச, ப, ச, ம, ப, ச. காந்தாரமே கிடையாது. அதனால் மேஜரா மைனரா என்று கிட்டார் உங்களிடம் கேட்காது. ஏறி நின்று கசக்கிற அந்த 14 சென்ட் காந்தாரமும் அழுத்தாத கம்பிகளில் இல்லை. ஆறையும் சும்மா மீட்டினாலே சுருதி போட்ட மாதிரி நிற்கும். ஷட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் கட்டைவிரலால் தட்டிக்கொண்டு, மூன்றாவது கம்பியில் மேலும் கீழும் ஒரே விரலால் ராகம் தேடலாம். கார்ட் ஒன்றுகூட நினைவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதுதான் சௌகரியமே. முதல் நாள் இப்படி உட்கார்ந்தபோது, 14 வருடத்தில் விரல் படாத ஒன்பதாவது ஃப்ரெட்டுக்குப் போய்விட்டு வந்தேன்.

ஓபன் ஜி இன்னொன்று: ஆறாவதை டிக்கும், ஐந்தாவதை ஜிக்கும், முதல் கம்பியை டிக்கும் இறக்குங்கள். அழுத்தாமல் மீட்டினாலே ஜி மேஜர். எங்கே ஒற்றை விரலைக் குறுக்கே வைத்தாலும் அங்கே ஒரு மேஜர் கார்ட். ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் இதில் ஆறாவது கம்பியையே கழற்றிவிட்டு ஐந்து கம்பியோடு வாசிப்பவர்.

எல்லாவற்றிலும் இறக்கத்தான் சொல்கிறேன் என்பதைக் கவனியுங்கள். ஏற்றினால் கம்பி அறும், பலகைக்கும் பாரம்.

ட்யூனிங் மாற்ற மனமில்லாதவர்கள் ஏழாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டுத் தெரிந்த பாட்டையே வாசிக்கலாம், மாண்டலின் மாதிரி துள்ளும்.

## "வேறொரு கிட்டார் மேலேயே கண்"

ஒரு தாளில் எழுதுங்கள்: அந்தக் கிட்டாரில் இருப்பது எது, என்னுடையதில் இல்லாதது எது? "வாசிக்கச் சுலபமாக இருக்கும்" என்று எழுதினால் முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போங்கள். "சத்தம் நன்றாக இருக்கும்" என்றால் கதவுக்கு எதிரே உட்காருங்கள்.

சில சமயம் ஆசை நியாயமானதும்கூட. கிளாசிக்கல் கிட்டாரின் நட் அகலம் சுமார் 52 மி.மீ., ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக்கில் 43 அல்லது 44. சின்னக் கைக்கு இந்த வித்தியாசத்தை எந்த அரமும் சரிசெய்யாது. பெரிய உடல் கொண்ட ட்ரெட்நாட்டைத் தோள் கடுக்கக் கட்டிக்கொண்டிருப்பவர், உட்கார்ந்து வாசித்தாலும் தோள்வார் போட்டு ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

இன்னொரு நியாயமான சந்தர்ப்பம், நெக்கின் கோணம் சரிந்துவிடுவது. நீளமான நேர்கோலை ஃப்ரெட்டுகளின் மேல் படுக்க வைத்து பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். கோலின் முனை பிரிட்ஜ் மரத்தின் மேல்விளிம்பை ஒட்டிப் போக வேண்டும். நன்றாகக் கீழே இறங்கி பிரிட்ஜின் முகத்தில் முட்டினால், சேடிலைத் தேய்த்துத் தீராது. நெக்கைப் பெயர்த்துக் கோணம் திருத்தி ஒட்ட வேண்டும். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள், உள்ளே போனால் பிரிட்ஜ் பெயர்கிறது. இவற்றிலும், பலகை வெடித்திருந்தாலும், கம்பிகளைத் தளர்த்திவிட்டு பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். வீட்டில் இருக்கும் பசையை மட்டும் தொடாதீர்கள். அதைச் சுரண்டி எடுக்க அவர் படும் பாடு உங்கள் பில்லில் வரும்.

எல்லாம் முடிந்ததும் அளவுகளை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டியின் உள்பையில் போட்டு வையுங்கள். என்னுடையதில் இப்போது இருப்பது: ஆறாவது 2.4, முதல் 1.9, ஏழாவது ஃப்ரெட்டில் 0.2, செட் 11–52. அதற்குக் கீழே கம்பி மாற்றிய தேதிகள். நான்கு வரிசையாக இருக்கின்றன. ஐந்தாவது எழுத வேண்டிய நாள் தாண்டிவிட்டது, விரல் நுனி லேசாகக் கறுக்க ஆரம்பித்திருக்கிறது.